கொடைக்கானல் மலையிலிருந்து நாடாளுமன்றம் வரை: உங்கள் கேள்வியை டெல்லிக்கு அனுப்புவது எப்படி?

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணுமா, பட்டா மாறுதலா, வருமானச் சான்றா? எங்கே போகணும் என்று இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். பக்கத்து இ-சேவை மையம், இல்லாவிட்டால் கையில் இருக்கிற போன். 1100-க்கு அடித்தால் முதல்வரின் முகவரித் துறையில் புகார் பதிவாகிவிடும். ஆனால், "எங்க ஊருக்கு ரோடு போட ஃபாரஸ்ட்ல விட மாட்டேங்கிறாங்க" என்று ஒருவர் சொன்னால் அவரை எங்கே அனுப்புவது? பஞ்சாயத்துத் தலைவரிடமா, எம்.எல்.ஏ.விடமா, எம்.பி.யிடமா?

பழனிமலைத் தொடரில் இருப்பவர்களுக்கு இது பொது அறிவுக் கேள்வி இல்லை. கொடைக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகவி பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் வழியாகக் காலால் இறங்கிப் போகிற பழைய பாதை. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது ட்ரெக்கிங். ஊர்க்காரர்களுக்கு அது அரிசி மூட்டை வருகிற வழி, பிரசவ வலி வந்த பெண்ணை டோலி கட்டித் தூக்கிப் போகிற வழி. இப்படிச் சாலைக்காகப் பல காலம் காத்திருந்த மலைக் கிராமங்களில் எல்லாம் கேட்கிற பதில் ஒன்றுதான்: "நிலம் காட்டுக்குள்ள இருக்கு, மத்திய அரசு அனுமதி வேணும்."

அந்த அனுமதியைப் பற்றி மத்திய அரசிடம் நமக்காகக் கேட்க வேண்டியவர்கள் யார், அவர்களை எப்படிக் கேட்க வைப்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

உங்களுக்கு டெல்லியில் எத்தனை பேர்?

ஒருத்தர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மலையிலிருந்து டெல்லிக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி நேரானது. கொடைக்கானல் வட்டம் பழனி சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. பழனி, ஒட்டன்சத்திரம், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், திண்டுக்கல் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது திண்டுக்கல் மக்களவைத் தொகுதி. 2024 தேர்தலில் இங்கே மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆர். சச்சிதானந்தம் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீங்கள் அவருக்கு ஓட்டுப் போட்டீர்களா, போடவில்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. தொகுதியில் இருக்கிற எல்லோருக்கும் அவர்தான் எம்.பி. (ஒரு சின்ன எச்சரிக்கை: மாவட்டமும் மக்களவைத் தொகுதியும் ஒன்றல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற வேடசந்தூர், கரூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது. மனு எழுதும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது வழி சுற்றிப் போவது. மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். இவர்களை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாம் தேர்ந்தெடுத்த 234 எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் ஆறு ஆண்டு. ஒவ்வொரு முறையும் ஆறு இடங்கள் காலியாகும். 234 பேரும் வாக்களித்து ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒருவர் உறுதியாக ஜெயிக்க 34 எம்.எல்.ஏ.க்களின் முதல் விருப்ப வாக்கு போதும். ஆக, பழனித் தொகுதியில் எம்.எல்.ஏ. தேர்தலுக்கு நீங்கள் அழுத்திய பொத்தான், கோட்டை வழியாக மாநிலங்களவை வரைக்கும் போகிறது. நம்மில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி கிடையாது. மொத்த மாநிலமும் அவர் பொறுப்பு. "நீங்க எங்க தொகுதி இல்லையே" என்று அவரால் சொல்ல முடியாது. மலைக் கிராமப் பிரச்சினையை அந்த 18 பேரில் யாரிடமும் கொண்டு போகலாம். காடு, பழங்குடியினர், சுற்றுச்சூழல் பற்றி ஏற்கெனவே கேள்வி கேட்டிருக்கிற ஒருவரைத் தேடிப் பிடிப்பது இன்னும் நல்லது. எப்படித் தேடுவது என்று பின்னால் சொல்கிறேன்.

மக்களவையில் 39, மாநிலங்களவையில் 18, ஆக 57 பேர். இரு அவைகளிலும் சேர்த்து மொத்த இடங்கள் 788. 1962 தேர்தலில் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடம் இருந்தது, 1967-ல் அது 39 ஆனது. அந்தக் கணக்கு பெரிய கதை, இன்னொரு இதழுக்கு வைத்துக்கொள்வோம்.

மலையில் மத்திய அரசு எங்கே இருக்கிறது?

கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் நிறையவே இருக்கிறது. 1899 முதல் இயங்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகம், காலையில் கேட்கிற கோடை எஃப்எம், மன்னவனூர் ஆட்டுப் பண்ணை ஆராய்ச்சி மையம், தபால் ஆபீஸ், கீழே கொடை ரோடு ரயில் நிலையம் எல்லாமே மத்திய அரசு சார்ந்தவை. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்த புவிசார் குறியீடு கூட நாடாளுமன்றம் 1999-ல் நிறைவேற்றிய சட்டத்தால் வந்ததுதான்.

ஆனால் மலையில் மத்திய அரசின் கை அதிகமாகத் தெரிவது காட்டில்தான். காடு முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் வந்த 42-வது அரசியலமைப்புத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வன நிலத்தை வேறு எதற்குப் பயன்படுத்துவதாக இருந்தாலும் மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும் என்றானது. (2023-ல் இந்தச் சட்டத்தின் பெயரை இந்தியில் நீளமாக மாற்றிவிட்டார்கள். அலுவலகங்களில் இன்னும் பழைய பெயரில்தான் பேசுகிறார்கள்.) 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர். அதற்குள் எதுவும் செய்ய, 1972-ம் ஆண்டின் வனவிலங்குச் சட்டமும் குறுக்கே வரும்.

இந்தச் சட்டங்கள் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. சோலைக்காடு போய்விட்டால் கீழே பழனிக்கும் பெரியகுளத்துக்கும் தண்ணீர் எங்கிருந்து வரும்? ஆனால் சட்டம் போட்ட அவையே அதற்குள் ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அது பலருக்குத் தெரியவில்லை.

2006 டிசம்பரில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 3(2)-வது பிரிவைத்தான் மலைக் கிராமங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சாரம் மற்றும் தொலைத்தொடர்பு லைன், குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக்கூடம் என்று 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தரலாம். ஒரு ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். 1980 சட்டம் இதைத் தடுக்காது.

ஒரு ஹெக்டேர் என்றால் எவ்வளவு ரோடு? பத்தாயிரம் சதுர மீட்டர். ஐந்து மீட்டர் அகலத்தில் போட்டால் இரண்டு கிலோமீட்டர் கூட முழுசாக வராது. மெயின் ரோட்டில் இருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊருக்கு இந்தப் பிரிவு போதும். ஏழெட்டு கிலோமீட்டர் இறங்க வேண்டிய ஊருக்குப் போதாது. அப்போது 1980 சட்டப்படி விண்ணப்பம் போட வேண்டும், ஃபைல் மத்திய சுற்றுச்சூழல், வனத் துறை அமைச்சகத்துக்குப் போகும். அங்கே அது எந்த மேஜையில் இருக்கிறது என்று கேட்கத்தான் எம்.பி. தேவை.

ஓட்டு கட்சிக்கு, கேள்வி உங்களுக்கு

நாடாளுமன்றத்தில் எம்.பி. என்ன செய்கிறார்? மசோதாவுக்கு ஓட்டுப் போடுகிறார், விவாதத்தில் பேசுகிறார், கேள்வி கேட்கிறார், குழுக்களில் உட்காருகிறார். இதில் ஓட்டுப் போடுவது அநேகமாக அவர் கையில் இல்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். ஆனால் கேள்வி கேட்பதற்கு இந்தச் சட்டத்தில் தடை இல்லை. ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, முதல் முறை எம்.பி.யோ ஏழாவது முறையோ, கேள்வி கேட்கிற உரிமை எல்லோருக்கும் ஒன்றே. தனி ஒரு குடிமகனின் குரல் டெல்லிக்குள் நுழைய மிக எளிய வழி இதுதான் என்பது என் கருத்து. தொகுதி மக்கள் இதைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பதும் என் கருத்துதான்.

மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 20 மட்டும். நட்சத்திரக் குறி இல்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், ஒரு நாளைக்கு 230. எது பட்டியலில் வரும் என்பது குலுக்கலில் முடிவாகும். டிவியில் வருவது அந்த 20-தான். நமக்கு உதவுவது பெரும்பாலும் இந்த 230. எண்ணிக்கை, தேதி, காரணம் எல்லாம் அமைச்சர் பெயரில் அச்சில் வந்துவிடும். அதை எடுத்துக்கொண்டு எந்த அலுவலகத்துக்கும் போகலாம்.

இதைத் தவிர நேரமில்லா நேரமும், மக்களவையில் 377-வது விதியும், மாநிலங்களவையில் சிறப்புக் குறிப்பும் உண்டு. தொகுதிப் பிரச்சினையைச் சுருக்கமாக அவையில் பதிவு செய்ய இவை நல்லவை. ஆனால் குறிப்பிட்ட தேதியில் பதில் வாங்கித் தருவது கேள்விதான்.

கேள்வியை எப்படி எழுதுவது?

எம்.பி. ஊருக்கு வரும்போது மாலையோடு சேர்த்துக் கொடுக்கிற மனுவில் வழக்கமாக என்ன இருக்கும்? "எங்கள் ஊருக்கு உடனடியாகச் சாலை வசதி செய்து தருமாறு தங்கள் பாதம் பணிந்து..." அது கோரிக்கை. அவர் அதைக் கலெக்டருக்கு அனுப்புவார், கலெக்டர் அலுவலகம் துறைக்கு அனுப்பும், துறை "வன அனுமதி நிலுவையில் உள்ளது" என்று பதில் எழுதும். சுற்றி வந்து அதே இடம்.

நாடாளுமன்றக் கேள்விக்கென்று விதிகள் இருக்கின்றன. 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். வாதம், கருத்து, குற்றச்சாட்டு இருக்கக் கூடாது. முக்கியமாக, மத்திய அரசின் பொறுப்பில் உள்ள விஷயமாக இருக்க வேண்டும். பூம்பாறைக்கு பஸ் ஏன் லேட் என்று டெல்லியில் கேட்க முடியாது, அது இங்கே கேட்க வேண்டியது. 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

சாலை விஷயத்தையே இந்த விதிகளுக்குள் எழுதிப் பார்ப்போம்:

"சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்றத் துறை அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) திண்டுக்கல் மாவட்டத்தில் வன நிலம் வழியாகக் கிராமச் சாலை அமைக்க அனுமதி கேட்டு வந்து நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை, (ஆ) ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் பெறப்பட்டது, இப்போது எந்த நிலையில் உள்ளது, (இ) தாமதத்துக்கான காரணங்கள் என்ன, எப்போது முடிவெடுக்கப்படும்?"

இதில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. ஆனால் இதற்கு "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் எழுதித் தப்பிப்பது கஷ்டம். எண்ணிக்கை கேட்டிருக்கிறோம், தேதி கேட்டிருக்கிறோம்.

இதை அனுப்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. விண்ணப்பம் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று பாருங்கள். வன அனுமதிக்கான விண்ணப்பத்தைச் சாலை போடுகிற மாநிலத் துறையோ உள்ளாட்சியோதான் 'பரிவேஷ்' என்கிற இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தத் தளத்தை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். மாநிலம், மாவட்டம் தேர்ந்தெடுத்தால் திட்டங்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் நிலையும் வரும். உங்கள் ஊர் சாலை அதில் இல்லையென்றால் ஃபைல் டெல்லிக்கே போகவில்லை என்று அர்த்தம். அப்போது கேள்வியைத் திருப்ப வேண்டியது எம்.எல்.ஏ. பக்கம், கலெக்டர் பக்கம், கிராம சபைப் பக்கம். இங்கே கிடக்கிற ஃபைலுக்கு அங்கே கேள்வி கேட்டு ஒரு பயனும் இல்லை. மாநில அரசின் இதழில் இப்படி எழுதுவது சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான ஆளைக் கேட்க முடியும்.

நாடாளுமன்றத்தால் மட்டும் முடிகிற ஒன்று

சாலையாவது பல வாசல் உள்ள விஷயம். ஒரே வாசல் மட்டும் உள்ள விஷயமும் இந்த மலையில் இருக்கிறது. கீழ்ப்பழனி மலைப் பகுதியில் வாழும் மலைப் புலையர் மக்கள், தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வருகிறார்கள். அதே காட்டில் வாழும் பளியர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். சாதிச் சான்று, படிப்பு, வேலை, வன உரிமை என்று எவ்வளவோ விஷயம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. வன உரிமைச் சட்டத்தில் பழங்குடியினருக்கும் மற்றவர்களுக்கும் வேறுபாடு உண்டு. பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டைச் சார்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும்.

தாசில்தாரால் இதை மாற்ற முடியாது. முதலமைச்சராலும் முடியாது. அரசியலமைப்பின் 342-வது பிரிவுப்படி, பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். நடைமுறை இப்படி: மாநில அரசு ஆய்வு செய்து பரிந்துரைக்க வேண்டும், இந்தியத் தலைமைப் பதிவாளர் ஏற்க வேண்டும், தேசியப் பழங்குடியினர் ஆணையம் ஏற்க வேண்டும், பிறகு அமைச்சரவை, அதன் பிறகு மசோதா.

எவ்வளவு காலம் ஆகும்? நரிக்குறவர் கதையைப் பாருங்கள். 1965-லேயே லோகூர் குழு அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர்கள் கடிதம் எழுதினார்கள், எம்.பி.க்கள் பேசினார்கள். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைச் சேர்க்கும் மசோதாவை இரு அவைகளும் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் 57 ஆண்டுகள்! இந்த மாதிரி விஷயத்தில் ஒரு கேள்வியோ ஒரு கூட்டத்தொடரோ போதாது. ஃபைல் இப்போது மாநிலத்திடமா, பதிவாளரிடமா, ஆணையத்திடமா என்று கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எம்.பி. மாறினால் புது எம்.பி.யிடம் பழைய பதில்களின் நகலோடு போக வேண்டும்.

எம்.பி. நிதி பற்றி இரண்டு வார்த்தை

எம்.பி. என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது தொகுதி மேம்பாட்டு நிதி. 1993-ல் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆறு சட்டமன்றத் தொகுதிக்கும் சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு சுமார் 83 லட்சம். மலை ரோட்டில் அது எந்த மூலைக்கு? பணத்தை எம்.பி. கையில் தருவதும் இல்லை. அவர் வேலையைப் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம்தான் செய்யும். நிதியில் 15 சதவீதம் பட்டியல் இனத்தவர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் வாழும் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்பது விதி. மலைக் கிராமங்கள் கேட்க வேண்டியது இந்த 7.5 சதவீதத்தை.

நிதியை விட, 'திஷா' கூட்டத்தைக் கவனிக்கச் சொல்வேன். மத்திய அரசுத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்டக் குழு இது. தலைவர் மக்களவை எம்.பி., உறுப்பினர் செயலர் கலெக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். கிராமச் சாலை, வீடு, குடிநீர் எல்லாம் அங்கே அதிகாரிகள் முன்னால் பேசப்படும். கூட்டத்துக்கு முன்பே உங்கள் ஊர் விவரம் எம்.பி. அலுவலகத்தில் இருந்தால் அங்கேயே கேட்டுவிடலாம்.

போனில் பார்ப்பது

கூகுளில் 'டிஜிட்டல் சன்சத்' என்று தேடுங்கள். நாடாளுமன்றத்தின் தளமும் ஆப்பும் வரும். உறுப்பினர் பெயரைப் போட்டால் அவர் கேட்ட கேள்விகள், வந்த பதில்கள் எல்லாம் பிடிஎஃப் வடிவில் இருக்கும். வன உரிமை, பழங்குடியினர் என்று தலைப்பைப் போட்டும் தேடலாம். ஆர்வமுள்ள மாநிலங்களவை உறுப்பினரைக் கண்டுபிடிப்பது இப்படித்தான். பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். கூகுள் லென்ஸில் காட்டினால் ஓரளவு தமிழில் படித்துவிடலாம், சட்டப் பெயர்கள் மட்டும் கோணலாக வரும்.

உறுப்பினர் வழியாக மக்களவையில் மனுவே அளிக்கவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு. தமிழில் எழுதினால் ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பை இணைத்து, அதிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று கூட்டத்தொடர் நடப்பது வழக்கம்: ஜனவரி இறுதியில் பட்ஜெட், ஜூலை வாக்கில் மழைக்காலம், நவம்பர் அல்லது டிசம்பரில் குளிர்காலம். 15 நாள் நோட்டீஸ், குலுக்கல் எல்லாம் இருப்பதால், கூட்டம் தொடங்க ஒரு மாதம் முன்னாடியே விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் போதும்.

பதிலில் "ஆராயப்பட்டு வருகிறது", "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம். அமைச்சர் அவையில் அப்படிச் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறலாம். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று விதி இருக்கிறது. நிறைவேற்றாவிட்டால், அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இரு அவைகளிலும் இருக்கிறது, அது துறையைக் கூப்பிட்டுக் கேட்கும். அதனால் பதிலின் மேலே இருக்கிற கேள்வி எண்ணையும் தேதியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மனுவின் முதல் வரியில் அதைத்தான் எழுத வேண்டியிருக்கும்.